மரச் சொப்பும் பெரியவர்கள் செய்யும் தவறுகளும்

மகளுக்கு இரண்டு வயது நிறைந்தபோது மரத்தாலான விளையாட்டுச் சமையலறை ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். சிங்க், குழாய், நான்கு பர்னர், கீழே கண்ணாடிக் கதவு போட்ட ஓவன் எல்லாம் இருந்தன. வந்த அன்றே அந்த ஓவனுக்குள் தன் சாக்ஸ், என் கைக்குட்டை, ஒரு கரடிப் பொம்மை எல்லாவற்றையும் திணித்துக் கதவைச் சாத்திவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "துணி ஓடுது" என்றாள். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது, முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின் உண்டு. "இது ஓவன்டா, இதுல கேக் பண்ணுவாங்க" என்று திருத்தினேன். எழுந்து போய்விட்டாள்.

ஒரே நாளில் இரண்டு தவறு. முதலாவது, அவள் பார்த்தே இராத அடுப்பங்கரையை வாங்கிக் கொடுத்தது. ஒரு வயது தாண்டியதும் குழந்தை காலி டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் பாவனை செய்யும். பிறகு பொம்மைக்கு ஊட்டும். இரண்டு வயதை ஒட்டி ஒரு பொருளை இன்னொன்றாக நினைத்துக்கொள்ளத் தொடங்கும். இதற்கெல்லாம் சரக்கு வீட்டில் பார்த்ததுதான். நம் குழந்தை பார்ப்பது குக்கர், தோசைக்கல், இட்லிப் பானை. அவை அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து செய்யும் கடைசல் சொப்பில் காலங்காலமாக இருக்கின்றன, அம்மி ஆட்டுக்கல் உட்பட. அந்த ஓவன் அடுப்பங்கரைக்குக் கொடுத்த காசு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இரண்டாவது தவறு, திருத்தியது. இதற்குத் தம்பி ஒருவன் உண்டு: பரீட்சை வைப்பது. "இது என்ன கலர்? எத்தனை தக்காளி இருக்கு?" பிள்ளை மும்முரமாகச் சாம்பார் வைத்துக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்விகள் வந்தால் சாம்பார் அங்கேயே நின்றுவிடும். அவள் நீட்டும் காலி டம்ளரை வாங்கி உறிஞ்சிவிட்டு, "சூடா இருக்கே, சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்று சொல்லிப் பாருங்கள். ஓடிப்போய்ச் சர்க்கரை போடுவாள், ஊதித் தருவாள், போதுமா என்று கேட்பாள். சூடு, கம்மி, போதும் என்ற மூன்று சொற்களும் அட்டைப் படம் இல்லாமலே வந்து சேரும்.

'மான்டிசோரி' என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுப்பதும் வேடிக்கைதான். 1907-இல் ரோம் நகரில் தன் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மான்டிசோரி, விளையாட்டுச் சாமான்கள் கிடைத்தும் பிள்ளைகள் அவற்றை நாடாமல் உண்மையான வேலைகளையே விரும்பியதைக் கவனித்தவர்.

அப்புறம் எண்ணிக்கை. நாற்பது உருப்படி செட் வாங்கி மொத்தத்தையும் தரையில் கொட்டாதீர்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தினர் ஒன்றரை முதல் இரண்டரை வயதுள்ள 36 குழந்தைகளை வைத்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மைகள் இருந்தபோதைவிட 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பலவிதமாக விளையாடியிருக்கிறார்கள். நாலைந்தை வெளியே வைத்து மற்றதைப் பரணில் போட்டு, வாரம் ஒருமுறை மாற்றினால் போதும்.

பெண் குழந்தைக்கு மட்டும் வாங்குவதைப் பற்றி என்ன சொல்ல? பையனுக்கும் பசிக்கும்.

பாதுகாப்பில்தான் விஷயம் நிறைய. பழைய சொப்புச் செட்டுகள் கொலுவுக்கும் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கும் பொருந்தும், ஒன்றரை வயதுக்கு ஆகாது. அம்மிக் குழவி தொண்டையில் அடைக்கிற அளவிலேயே இருக்கும். மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்குவது எதுவும் ஆகாது. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுற்றிய அட்டைக் குழாய் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால் நமக்கு நல்லதுதான். நறுக்கி ஒட்டும் பொம்மைக் காய்கறிகளில் காந்தம் வைத்தது வேண்டாம், வெல்க்ரோ போதும். இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய சதையை ஓட்டை போட்டுவிடும். 'நிஜமா சமைக்கட்டும்' என்று பொட்டுக்கடலை, நிலக்கடலை, புளியங்கொட்டை கொடுக்கிற பழக்கத்தையும் இந்த வயதில் விட்டுவிடலாம். மூக்குக்குள் போகும், மூச்சுக்குழலுக்குள்ளும் போகும்.

சாயம் போகிறதா என்று ஈரத் துணியால் தேய்த்துப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் பெயின்ட்டில் ஈயம் இருந்தால் அது இந்தச் சோதனையில் தெரியாது. கடைசல் பட்டறையில் அரக்குச் சாயமா, கடையில் வாங்கிய பெயின்ட்டா என்று கேட்டுவிடுங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே கைவினைச் சொப்பில் முத்திரை இல்லை என்பதாலேயே அது போலி ஆகிவிடாது. ஆலையில் செய்த செட்டில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பெரிய ஸ்டாண்டாக இருந்தால் பிள்ளை தொற்றி ஏறும், சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ முடுக்கிவிடுங்கள். உண்மை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

கடைசியாகக் கழுவுவது. மரத்தைத் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பும், விரிசல் விடும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். இது தெரியாமல் நான் அவளுடைய மரச் சொப்பு மொத்தத்தையும் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டேன், தோசைக்கல் குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. தூக்கிப்போடப் போனால் மகள் விடவில்லை. இப்போது அது அவளுக்கு அப்பளம்.