கல்லூரி இதழுக்குப் புது நிருபர்களைப் பழக்குவது எப்படி?

பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் இதழ் என்றால் ஆண்டு மலர்தான். முதல்வரின் வாழ்த்துச் செய்தி, துறைவாரியாகக் குழுப்படம், நான்கைந்து கவிதை, அம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை. விடுதியில் தண்ணீர் வராத வாரமோ, ஷிப்ட் 2 மாணவர்களுக்கு நூலகம் சீக்கிரம் பூட்டப்படுவதோ அதில் ஒரு வரிகூட இருக்காது. மாதம் ஒருமுறை நான்கு பக்கச் செய்தி இதழ் கொண்டுவர விரும்பும் பொறுப்பாசிரியர்களுக்கும் மூத்த மாணவர்களுக்கும் இந்த வழிமுறை. வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஆறு வாரத்தில் முதல் இதழ் அச்சுக்குப் போகலாம்.

எழுதுவதை முதலில் சொல்லிக்கொடுக்காதீர்கள். கேட்கவும் சரிபார்க்கவும் பழகாத மாணவரின் கையில் நல்ல நடை வந்து சேர்ந்தால், தவறான தகவல் அழகாக அச்சாகும். முதல் இரண்டு வாரம் தகவல் சேகரிப்பு மட்டும் போதும்.

யாரைச் சேர்ப்பது

பன்னிரண்டு பேர் போதும். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவர்களையே பொறுக்கி எடுத்தால் இதழ் மறுபடியும் மலராகிவிடும். ஆர்வமாக வந்தவர்களை அரை மணி நேரம் வளாகத்துக்குள் அனுப்பி, மற்றவர்களுக்குத் தெரியாத ஐந்து தகவல்களோடு வரச் சொல்லுங்கள். யார் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். காவலாளியிடமும் ஆய்வக உதவியாளரிடமும் பேசிவிட்டு வருபவர் உங்களுக்கு வேண்டிய ஆள். விடுதியில் இருப்பவர், கல்லூரிப் பேருந்தில் வருபவர், இரண்டு ஷிப்டிலும் படிப்பவர், ஆண்கள், பெண்கள் எனக் கலந்து எடுங்கள். எல்லோரும் ஒரே துறையாக இருந்தால் அந்தத் துறைச் செய்தி மட்டும்தான் வரும்.

முதல் வகுப்பு: அறிவிப்புப் பலகை

பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு சுற்றறிக்கையைப் படம் எடுத்து வகுப்பில் காட்டுங்கள். ‘மாணவர்கள் 15ஆம் தேதிக்குள் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும்’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் இல்லாதது என்ன என்று கேளுங்கள். ஒரு தாளுக்கு எவ்வளவு? போன செமஸ்டரில் எவ்வளவு? அரியர் தாளுக்கும் அதே தேதிதானா? தாமதக் கட்டணம் உண்டா? உதவித்தொகை இன்னும் வராதவர் என்ன செய்வது? ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, யாரிடம் கேட்டால் பதில் கிடைக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். அலுவலகக் கண்காணிப்பாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கட்டணம் கட்டக் காத்திருக்கும் இரண்டு மாணவர்கள் என்று ஆட்களின் பட்டியல் தானாக வந்துவிடும். அடுத்த வகுப்புக்குள் எல்லோரிடமும் கேட்டு வர வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளைப் பாடமாக ஒப்பிக்க வைப்பதைவிட இது நன்றாகப் பதியும்.

பிறகு ஆளுக்கொரு பீட், அதாவது தொடர்ந்து கவனித்துச் செய்தி சேகரிக்க வேண்டிய இடமோ துறையோ, பிரித்துக் கொடுங்கள்: விடுதி-மெஸ், பேருந்து, நூலகம், தேர்வு அலுவலகம், விளையாட்டு, கேன்டீன், நாட்டு நலப்பணித் திட்டம், பிளேஸ்மென்ட். செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை அங்கே போய் நின்று பேச வேண்டும். பிரச்சினை வரும்போது மட்டும் தலையைக் காட்டும் நிருபரிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இதில் பிளேஸ்மென்ட் பீட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ‘95 சதவீதம் பேருக்கு வேலை’ என்று பதாகை இருந்தால், எதில் 95 சதவீதம் என்பதுதான் முதல் கேள்வி. இறுதியாண்டு மாணவர் அத்தனை பேரிலா, பெயர் பதிந்தவர்களில் மட்டுமா? ஒரே மாணவருக்கு மூன்று நிறுவனங்கள் ஆஃபர் கொடுத்திருந்தால் அது மூன்றாகக் கணக்கிடப்பட்டதா? ‘அதிகபட்சச் சம்பளம்’ ஒருவருக்குக் கிடைத்தது. நடுவில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது? கையில் வேலைக் கடிதம் வந்தவர்கள் எத்தனை பேர், சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? இந்த நான்கையும் கேட்காமல் அந்த எண்ணை அச்சிட்டால் அது கல்லூரி விளம்பரமாகிவிடும்.

பேட்டி

புது நிருபர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ‘ஆம்’, ‘இல்லை’யில் முடிந்துவிடும். “கேன்டீன் சாப்பாடு நல்லா இருக்கா?” என்று கேட்டால் “பரவாயில்லைங்க” என்று பதில் வரும். அதை வைத்து எதையும் எழுத முடியாது. “நேத்து மதியம் என்ன வாங்குனீங்க? எவ்வளவு ஆச்சு? எத்தனை நிமிஷம் வரிசையில நின்னீங்க? மணி அடிக்கறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சீங்களா?” என்று கேட்டால் பத்து பேரிடம் பேசுவதற்குள் இடைவேளை நேரம் போதவில்லை என்ற செய்தி உருவாகிவிடும். வகுப்பில் இருவர் இருவராக உட்கார வைத்து, ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் வரக்கூடிய கேள்வியே கேட்கக் கூடாது என்று பத்து நிமிடம் பழக்குங்கள்.

பெயரையும் இனிஷியலையும் பேசுபவரையே நோட்டில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். துறை, ஆண்டு, கைபேசி எண்ணும் கூடவே. எண்களைத் திரும்பப் படித்துக் காட்டி உறுதி செய்ய வேண்டும். கைபேசியில் பதிவு செய்வதானால் முன்பே அனுமதி கேட்க வேண்டும்; பதிவு ஓடினாலும் நோட்டில் எழுதுவதை நிறுத்தக் கூடாது. கைபேசி பாதியில் அணைந்தால் நோட்டுதான் கைகொடுக்கும்.

“என் பேரைப் போட்டுடாதீங்க” என்று பேசி முடித்த பிறகு சொல்பவர்கள் நிறைய. ஆரம்பத்திலேயே இதைத் தெளிவாக்கிவிடப் பழக்குங்கள். பெயர் போடாமல் எழுதலாமா என்பதை நிருபர் தனியாக முடிவு செய்யக் கூடாது. அந்தப் பெயர் இதழாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் மறைத்தவர் சொன்னதை வேறொருவரோ ஓர் ஆவணமோ உறுதி செய்யாவிட்டால் அது அச்சேறக் கூடாது. குற்றச்சாட்டு யார்மேல் வருகிறதோ அவரிடம் கட்டாயம் பதில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால், எந்தத் தேதியில் எப்படிக் கேட்டோம், அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை என்று அப்படியே எழுதுங்கள்.

ஆவணம் வேண்டுமென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளிடமும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிடமும் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். ‘விடுதிக் குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையின் நகல்’ என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். சுயநிதிக் கல்லூரியிடம் நேராகக் கேட்பது கடினம். அது இணைந்திருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்திடம் இருக்கும் ஆவணங்களைக் கேட்கலாம்.

எழுதுவது

மூன்றாம் வாரம் எல்லோரையும் ஒரே நிகழ்ச்சிக்கு அனுப்புங்கள். ரத்த தான முகாம் என்று வைத்துக்கொள்வோம். பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் எழுதி வருவார்கள்:

‘நமது கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டம் சார்பில் மாபெரும் ரத்த தான முகாம் கலையரங்கில் வெகு விமரிசையாக நடைபெற்றது. முதல்வர் அவர்கள் தலைமை தாங்கிக் குத்துவிளக்கேற்றினார். துறைத் தலைவர் அவர்கள் வரவேற்புரை ஆற்றினார். மாணவ மாணவியர் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர். நன்றியுரை, நாட்டுப்பண்ணுடன் விழா இனிதே நிறைவுற்றது.’

இது அழைப்பிதழை இறந்த காலத்தில் எழுதியது. முகாமுக்குப் போகாமலே எழுதிவிடலாம். எத்தனை பேர் கொடுத்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், ஏன் என்று செவிலியரிடம் கேட்டவர் இப்படி எழுதுவார்:

‘கல்லூரியில் புதன்கிழமை நடந்த ரத்த தான முகாமில் 86 பேர் ரத்தம் கொடுத்தார்கள். கொடுக்க வந்த மாணவிகளில் 31 பேருக்கு ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைவாக இருந்ததால், ரத்தம் எடுக்காமல் அனுப்பப்பட்டார்கள்.’

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவதில் அடுத்த கேள்வி தானாகப் பிறக்கும்: அவர்களுக்கு மருத்துவ ஆலோசனை கிடைத்ததா? விடுதி உணவில் என்ன இருக்கிறது? முக்கியமானது மேலே, விவரம் நடுவே, வெட்டினாலும் குறையாதது கடைசியில் என்ற தலைகீழ் பிரமிடு அமைப்பை இந்த இடத்தில் விளக்கினால் புரியும். தலைமை தாங்கியவர் பெயர் கடைசிப் பத்தியில் ஒரு வரியாக வரலாம்.

இதே செய்திக்கு யாராவது ‘31 மாணவிகளுக்கு ரத்தசோகை’ என்று தலைப்பு வைப்பார். அது தவறு. 12.5 என்பது டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று ரத்தம் கொடுப்பதற்கு வைத்திருக்கும் வரம்பு. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ‘ரத்தம் கொடுக்க வந்த 31 மாணவிகளுக்கு ஹீமோகுளோபின் போதவில்லை’ என்பது சரியான தலைப்பு. தலைப்பு கவரவேண்டும் என்ற அவசரத்தில்தான் பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன. அதனால் தலைப்பைச் செய்தி எழுதியவரிடமும் காட்டிவிட்டு வைக்க வேண்டும்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், லீடில் (செய்தியின் தொடக்க வாக்கியத்தில்) இடம், தேதி, அமைப்பு, பதவி எல்லாவற்றையும் திணித்தால் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் வாசகர் களைத்துவிடுவார். முதல் வாக்கியம் பதினைந்து சொல்லைத் தாண்ட வேண்டாம். மீதியை இரண்டாவது வாக்கியம் சுமக்கட்டும். ‘அறிவிக்கப்பட்டுள்ளது’, ‘முடிவெடுக்கப்பட்டது’ என்று வந்தால் ஓரத்தில் ‘யார்?’ என்று எழுதுங்கள். பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ தேவையில்லை; ‘சொன்னார்’ என்பதிலேயே மரியாதை இருக்கிறது. மெஸ் ஊழியர் பேசிய பேச்சை ‘இப்பிரச்சினைக்கு உரிய தீர்வு காணப்பட வேண்டும்’ என்று மாற்றி எழுதினால் அது அவர் பேச்சே இல்லை. மேற்கோள் குறிக்குள் வைத்தால் அவர் சொன்ன சொல்லாகவே இருக்கட்டும்.

குறிப்புகளை ஏ.ஐ. செயலியில் போட்டுச் செய்தியாக்கிக் கொண்டுவருபவர்கள் இப்போது அதிகம். வாக்கியம் வழவழப்பாக வரும். யாரும் சொல்லாத ஒன்று நடுவில் கலந்திருக்கும். இதற்கு ஒரே வழி: செய்தியின் ஒவ்வொரு பெயர், எண், மேற்கோளின் கீழும் கோடு போட்டு, நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்வது. காட்ட முடியாதது நீக்கப்படும்.

திருத்தும்போது நீங்களே மாற்றி எழுதாதீர்கள். ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். இரண்டாவது முறை வரும்போது பாதிப் பிழை போயிருக்கும். ஒற்றுப்பிழைக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி என்று இணையத்தில் திருத்திகள் உண்டு. ஆனால் பெயரையும் எண்ணையும் அவை பார்க்காது.

படம்

மேடையில் பொன்னாடை போர்த்தும் படம் வேண்டாம். தூரத்திலிருந்து ஒன்று, நடுத்தரத்தில் ஒன்று, கையோ முகமோ தெரிய நெருக்கத்தில் ஒன்று என்று மூன்று எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவர் பெயரை இடமிருந்து வலமாக அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். நான்கு அங்குல அகலத்தில் அச்சிட 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1200 பிக்சல் அகலம் தேவை.

எழுதக் கூடாதவை

மாணவர் இதழ் என்பதற்காகச் சட்டம் விலக்களிக்காது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு இப்போதும் குற்றம். பாலியல் துன்புறுத்தல் புகார் உள் விசாரணைக் குழுவுக்குப் போயிருந்தால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள் யாருடைய அடையாளத்தையும் வெளியிடக் கூடாது. பெயரை மறைத்துவிட்டு ‘இரண்டாமாண்டு இயற்பியல் மாணவி, விடுதியில் தங்கியிருப்பவர்’ என்று எழுதினாலும் அடையாளம் காட்டியதுதான். முதலாண்டில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள். பாதிக்கப்பட்டவர் அப்படி ஒருவரானால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும்.

தற்கொலைச் செய்தியில் எப்படி நடந்தது என்ற விவரமும், ‘அரியரால் விபரீத முடிவு’ போல ஒற்றைக் காரணம் காட்டும் தலைப்பும் வேண்டாம். முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். 104, 14416 என்ற உதவி எண்களைச் செய்தியோடு கொடுங்கள். ராகிங் செய்தியோடு யு.ஜி.சி.யின் 1800-180-5522 எண்ணைச் சேருங்கள்.

நிர்வாகத்தோடு முதல் இதழுக்கு முன்பே எழுத்தில் பேசி வையுங்கள்: பக்கங்களை யார் பார்ப்பார், எத்தனை நாளில் திருப்பித் தருவார், எந்தக் காரணங்களுக்காக ஒரு செய்தியை நிறுத்தலாம். தகவல் பிழை, சட்டச் சிக்கல் ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்ளப் பாருங்கள். இது எழுத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பக்கம் கட்டுவது

ஒரு ஏ3 தாளை மடித்தால் நான்கு ஏ4 பக்கம். 11 பாயின்ட் எழுத்தில், ஒரு படத்தோடு, பக்கத்துக்கு ஏறத்தாழ 300 சொல் கொள்ளும். அதனால் முதல் பக்கச் செய்தி 200 சொல், மற்றவை 80 முதல் 120 என்று எழுதும்போதே அளவு சொல்லிவிடுங்கள். அச்சகம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வேலை செய்தால், யுனிகோடில் தட்டச்சு செய்ததை மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறலாம். எனவே இறுதிப் புரூஃபை (அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் பிரதியை) தாளில் எடுத்து, எழுதாத இருவர் படிக்க வேண்டும். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிடுவது நல்லது. அச்சுத் தேதிக்கு ஏழு நாள் முன் செய்தி, நான்கு நாள் முன் பக்கம், இரண்டு நாள் முன் புரூஃப். ஒரே ஒரு செய்தி வராமல் இதழே தாமதமாவது வழக்கம். எந்த மாதத்திலும் போடக்கூடிய இரண்டு செய்திகளைக் கையிருப்பில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை வரும். அடுத்த இதழில் அதே பக்கத்தில், தலைப்போடு போடுங்கள்: ‘திருத்தம்: சென்ற இதழின் 2ஆம் பக்கத்தில் விடுதிக் கட்டணம் பற்றிய செய்தியில், கட்டணம் செமஸ்டருக்கு உரியது என்று வெளியானது. அது ஆண்டுக் கட்டணம்.’ இணையத்தில் வைத்த பி.டி.எஃப். பிரதியையும் திருத்தி, திருத்திய தேதியை அடியில் போட்டுவிடுங்கள்.