உங்கள் குடும்பம் எத்தனை ஏக்கர் பூமியில் வாழ்கிறது?

கொங்கு நாட்டில் தோட்டத்தையும் மானாவாரிக் காட்டையும் சேர்த்துப் ‘பூமி’ என்றே சொல்வது வழக்கம். ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் எத்தனை ஏக்கர் பூமி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். சூழலியல் தடம் என்னும் கணக்கும் ஏறத்தாழ அதே கேள்விதான். ஆனால் அது நம்மிடம் எவ்வளவு பூமி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, நாம் உண்பதையும் உடுப்பதையும் எரிப்பதையும் விளைவித்துத் தரவும், அவற்றால் எழும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளவும் ஓராண்டுக்கு எவ்வளவு பூமி தேவைப்படுகிறது என்று கேட்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ரீஸும் மதிஸ் வாக்கர்நாகலும் 1990களில் இந்தக் கணக்கை உருவாக்கினார்கள். விளைநிலம், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடி நீர்ப்பரப்பு, கட்டடங்கள் நிற்கும் நிலம், கரியமில வாயுவை உறிஞ்சத் தேவைப்படும் காடு என்னும் ஆறு வகைகளையும் உலகச் சராசரி விளைதிறனுக்கு ஈடாக மாற்றி ஒன்றாகக் கூட்டினால் தடம் கிடைக்கும். நமக்குப் பழகிய ஏக்கரில் சொன்னால், இன்றைய உலகில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடியது மூன்றரை முதல் நான்கு ஏக்கர். சராசரியாக ஒருவர் பயன்படுத்துவதோ ஆறு ஏக்கருக்கு மேல். இந்தியச் சராசரி மூன்று ஏக்கரை ஒட்டியே நிற்கிறது. ஆனால் நாட்டின் சொந்த விளைதிறன் ஆளுக்கு ஒரு ஏக்கர் அளவே இருப்பதால், சராசரி குறைவு என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. மேலும் அது நிலமற்ற கூலித் தொழிலாளியையும், குளிர்சாதனமும் காரும் வைத்திருக்கும் குடும்பத்தையும் கலந்து எடுத்த சராசரி. உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உலகத் தடத்தில் பாதிக்கும் மேலானது கரியமில வாயுவுக்கான நிலம்தான் என்பதால் அதிலிருந்து தொடங்குவது நல்லது. ஓராண்டின் மின்கட்டண ரசீதுகளையும், சிலிண்டர் பதிவு செய்த விவரத்தையும், பெட்ரோல் செலவையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.7 கிலோ, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ கரியமில வாயு என்று பெருக்கிக் கூட்டுங்கள். ஒரு டன்னை உறிஞ்ச ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஹெக்டேர், அதாவது முக்கால் ஏக்கருக்குச் சற்று மேல், தேவை என்று கொள்ளலாம்.

நால்வர் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்றால் ஆண்டுக்கு 2,400 யூனிட், அதற்கு 1,680 கிலோ. எட்டு சிலிண்டருக்கு 336 கிலோ. இருசக்கர வாகனத்துக்கு மாதம் 12 லிட்டரும் காருக்கு 30 லிட்டரும் போட்டால் ஆண்டுக்கு 1,160 கிலோ. கூட்டினால் 3.2 டன்னை எட்டும். அதற்கு ஈடான நிலம் இரண்டரை ஏக்கருக்கும் மேல். இதில் உணவும் துணியும் வீடு கட்டிய சிமெண்டும் இன்னும் சேரவில்லை. பாதிக்கு மேற்பட்ட பங்கு மின்சாரத்தினுடையது என்பதைக் கவனியுங்கள். பல்லடத்திலும் உடுமலையிலும் இத்தனை காற்றாலைகள் சுழலும்போது நம் மின்சாரம் தூய்மையானதுதானே என்று பலர் கேட்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று நமக்குப் பெரும் கொடைதான். ஆயினும் அது எல்லோருக்கும் பொதுவான மின்தொகுப்பில் சென்று கலக்கிறது, அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது.

ஆகவே குறைப்பதையும் மின்சாரத்திலிருந்தே தொடங்குங்கள். 75 வாட் பழைய மின்விசிறி நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட் செலவாகும். குறைந்த மின்சாரம் இழுக்கும் மோட்டார் பொருத்திய, 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி விசிறியோ 0.36 யூனிட்டில் அதே வேலையைச் செய்யும். ஒரு விசிறிக்கு ஆண்டுக்கு 197 யூனிட் மிச்சம் என்பது ஏறத்தாழ 138 கிலோ கரியமில வாயு, அதாவது மூன்று சிலிண்டருக்கு மேல். குளிர்சாதனத்தில் ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் குறையும். கூரையில் வெயில் விழும் வீடாக இருந்தால், 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் தகடுகளுக்கு ரூ.60,000 மானியம் உண்டு. நாளுக்கு எட்டு யூனிட் வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 யூனிட் கிடைக்கும் என்பதால், மேலே சொன்ன வீட்டின் முழுத் தேவையும் அதில் அடங்கிவிடும்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் இன்னொரு வரியையும் நோட்டில் சேர்க்க வேண்டும். அதற்கு ரசீது வராது. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்பது நம் கண்ணில் படுவதே இல்லை. 10 எச்பி மோட்டார் ஐந்து மணி நேரம் ஓடினால் குறைந்தது 37 யூனிட். அந்த நால்வர் வீடு ஐந்தாறு நாளில் செலவழிக்கும் மின்சாரத்தை ஆழ்துளைக் கிணறு ஒரே பகலில் செலவழிக்கிறது. தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறதோ, அதே தண்ணீருக்கு அவ்வளவு கூடுதலான மின்சாரம் தேவைப்படும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு முழு மானியம் தருகிறது. தென்னந்தோப்பில் மட்டைகளை எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காகப் போட்டாலே மண்ணின் ஈரம் நெடுநாள் நிற்கும், மோட்டார் ஓடும் நேரமும் குறையும்.

இங்கே இந்தக் கணக்கின் பெரிய குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது நிலத்தை அளக்கிறதேயன்றி, நிலத்தடி நீர் வற்றுவதையோ ஆறு நஞ்சாவதையோ அளப்பதில்லை. திருப்பூரில் தைத்து வெளிநாட்டில் விற்கப்படும் பனியனின் தடம், அதை வாங்குபவரின் நாட்டுக் கணக்கில் எழுதப்படுகிறது. சாயக்கழிவு மட்டும் நொய்யல் ஆற்றில் தங்கிவிடுகிறது. பாசனத்துக்காக 1992இல் அந்த ஆற்றில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் இப்பகுதியினர் மறக்க முடியாது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் பூஜ்ய கழிவுநீர் முறை பட்டறைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது; அது ஆற்றுக்கு அவசியமானது. ஆனால் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க ஏராளமான எரிபொருள் வேண்டியிருப்பதால், நீரின் சுமை ஓரளவு காற்றின் சுமையாக மாறுகிறது. எனவே துணியைப் பொறுத்தவரை நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம், புதிதாக வாங்குவதைக் குறைத்து இருப்பதை நெடுநாள் உடுத்துவதே. ஒரு பருத்திப் பனியனுக்கு உலகச் சராசரியாக 2,700 லிட்டர் நீர் செலவாகிறது. உங்கள் நோட்டில் நிலத்துக்கு ஒரு பக்கமும் தண்ணீருக்கு ஒரு பக்கமும் ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் தை மாதத்தில் கிணற்றின் நீர்மட்டத்தையும் அதில் குறித்து வையுங்கள்.

உணவில் செய்ய வேண்டியதை நம் பாட்டிமார் ஏற்கெனவே செய்து வந்தார்கள். மழையை மட்டும் நம்பி விளையும் கம்பும் சோளமும் வாரத்தில் சில வேளைகளாவது அரிசியின் இடத்துக்கு வரலாம். கறியும் கோழியும் உண்ணும் நாட்களைக் குறைத்தால், தீவனத்துக்காக எங்கோ உழப்படும் நிலமும் அந்த அளவுக்குக் குறையும்.

செலவைக் குறைப்பது கணக்கின் ஒரு பக்கம்தான். பூமியின் விளைதிறனைக் காப்பது மறுபக்கம். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பகுதிகளில் மேய்ச்சலுக்கென்றே வேலியடைத்து விட்டிருக்கும் கொறங்காடுகளைவிட இதற்குச் சிறந்த சான்றை நான் அறியேன். கிளுவை வேலிக்குள், வெள்வேல மரங்களின் நிழலில், மழைநீரில் மட்டும் வளரும் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்தே காங்கேயம் மாடுகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்திருக்கின்றன. அங்கே ஆண்டுதோறும் உழ வேண்டியதும் இல்லை, மோட்டாரும் இல்லை. இன்று அவை மனையிடங்களாகப் பிரிக்கப்படுவதைப் பார்க்கையில் மனம் பதைக்கிறது. அப்படி ஒரு காடு உங்களிடம் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள்; மேய்ச்சலைப் பகுதி பகுதியாக மாற்றி, புல் விதை உதிர்க்க இடம் கொடுங்கள். கம்பிவேலி போட எண்ணியிருக்கும் இடங்களில், மழைக்கு முன்பாகவே பழைய வேலியிலிருந்து கிளுவைக் குச்சிகளை வெட்டி நெருக்கமாக ஊன்றுங்கள். குச்சியிலிருந்தே வேர் விட்டுத் தழைக்கும் மரம் அது.