ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிய அன்று கவனிக்க வேண்டியவை

பல் சொத்தையைத் தடுக்கப் பல்லின் மேல் பூசும் ஃப்ளோரைடு கலந்த பூச்சுதான் இந்த வார்னிஷ். அதைப் பூசியதும் குழந்தை தண்ணீர் குடிக்கலாம். ஆறிய, மென்மையான உணவும் சாப்பிடலாம். ஆனால் குறைந்தது 4 மணி நேரம் பல் தேய்க்கக் கூடாது. சூடான பானமும் மொறுமொறுப்பான தின்பண்டமும் வேண்டாம். பூச்சு சீக்கிரமே உரிந்துவிட்டால் ஃப்ளோரைடு எனாமலில் (பல்லின் கடினமான மேல் அடுக்கில்) இறங்க நேரம் கிடைக்காது. பல் லேசாக மஞ்சளாகத் தெரிந்தால் பதற வேண்டாம், மறுநாள் தேய்க்கும்போது போய்விடும். பல வார்னிஷ்களில் பைன் மரப் பிசின் கலந்திருக்கும். குழந்தைக்கு அது ஒவ்வாது என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வார்னிஷ் போட்டாச்சே என்று தினசரி ஃப்ளோரைடு பேஸ்ட்டை நிறுத்திவிடாதீர்கள். 3 வயதுக்குள் ஓர் அரிசி மணியளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் சேர்ந்தே போய்விடும்.