விசா உதவிப் புத்தொழில் நிறுவனம் சுற்றுலா வளர்காப்பகத்தில் இணைவது எப்படி?

விசா வழங்குவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அதிகாரம். அதில் எந்தப் புத்தொழில் நிறுவனமும் தலையிட முடியாது. பயணி ஆவணங்களைத் திரட்டத் தொடங்கும் நாள் முதல் விண்ணப்ப மையத்தில் அவற்றை ஒப்படைக்கும் நாள் வரையிலான அலைச்சலைக் குறைப்பது மட்டுமே உங்கள் வேலை என்பதை வளர்காப்பகத்தின் (புதிய நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் கைகொடுத்து வளர்க்கும் அமைப்பு) கதவைத் தட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தொடக்கத்தில் ஒரே ஒரு விசா போதும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான, குறுகிய காலச் சுற்றுலாவுக்கான ஷெங்கன் விசா இதற்குப் பொருத்தமானது. அந்த 29 நாடுகளுக்கும் அடிப்படை விதிகள் ஒன்றே. கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதா, திரும்பும் நாளுக்குப் பின்னும் 3 மாதம் செல்லுபடியாகுமா, இரண்டு பக்கங்கள் வெறுமையாக உள்ளனவா, மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்பவற்றையெல்லாம் மென்பொருளே சரிபார்த்துவிடும். எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அதிக நாள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். விண்ணப்பிக்க நேர முன்பதிவு விரைவில் கிடைக்கிறது என்பதற்காக வேறொரு நாட்டைத் தேர்ந்தெடுப்பவரை அந்த இடத்திலேயே எச்சரிக்கும் செயலி உண்மையான உதவியைச் செய்கிறது. 2024 ஜூன் முதல் வயது வந்தவருக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்காது. பல மாதங்கள் சேமித்துப் புறப்படும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று.

வங்கிக் கணக்கு அறிக்கை, விடுப்புக் கடிதம், பயண நோக்கம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை மனிதர்தான் படித்துப் பார்க்க வேண்டும். ஆகவே, விண்ணப்பதாரர்களுடனும் பயண முகவர்களுடனும் அமர்ந்து, அவர்களின் ஒப்புதலோடு, எந்தக் கட்டத்தில் எந்தத் தவறு நேர்கிறது என்று குறித்து வையுங்கள். வளர்காப்பகத்தின் தேர்வுக் குழுவின் முன் அழகிய திரைக்காட்சிகளைவிட இந்தக் குறிப்பேடே வலுவாகப் பேசும்.

பாரிஸில் 2013-இல் தொடங்கப்பட்ட வெல்கம் சிட்டி லேப் போன்ற சுற்றுலா வளர்காப்பகங்களின் சிறப்பு, புதியவர்களுக்கு எளிதில் கிட்டாத துறைத் தொடர்புகளும் சோதனை வாய்ப்புகளுமாகும். எனவே, பொதுவாக ‘வழிகாட்டல் வேண்டும்’ என்று எழுதாமல், குழுப் பயணம் நடத்தும் ஒரு நிறுவனத்துடன் மூன்று மாதச் சோதனை வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். நாற்பது பேரின் ஆவணங்களை ஒரே ஊழியர் அடுக்கும் அலுவலகத்தில் உங்கள் கருவியின் பயனும் குறைபாடும் விரைவில் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், உங்கள் நிறுவனத்தில் வளர்காப்பகத்துக்கு எவ்வளவு பங்குரிமை என்பதையும், திரட்டிய தரவு யாருக்கு உரியது என்பதையும் எழுத்தில் பெறுங்கள். கடவுச்சீட்டு நகல்கள் எவ்வளவு காலம் வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்பதைப் பயணிக்கு எளிய தமிழில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் அத்தகைய ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டுள்ளது. விரல் ரேகை பதிய முதன்முறை நேரில் செல்ல வேண்டியிருப்பதால், ‘எல்லாம் வீட்டிலிருந்தே’ என்று விளம்பரம் செய்யாதீர்கள்.

சோதனையின் முடிவில், எத்தனை பேருக்கு விசா கிடைத்தது என்பதைவிட, எத்தனை விண்ணப்பங்கள் ஆவணக் குறையின்றி முதல் முறையிலேயே ஏற்கப்பட்டன என்பதையே கணக்கிட்டு வளர்காப்பகத்திடம் அளியுங்கள்.