காசு கட்டாமல் தொழில் வட்டம் சேர்ப்பது: புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டில் வந்து இறங்கிய கையோடு வேலை தேட உட்காரும்போது, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் தன் கட்டணச் சேவையான பிரீமியத்தை ஒரு மாதம் இலவசமாக நீட்டும். எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். அதில் முக்கியமாகக் கிடைப்பவை, அறிமுகமில்லாதவருக்கு நேராக எழுத இன்மெயில், உங்கள் பக்கத்தை யார் யார் பார்த்தார்கள் என்ற நீண்ட பட்டியல். இரண்டும் இல்லாமலே காரியம் நடக்கும். சேமிப்பு கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் மாதாமாதம் இன்னொரு கட்டணம் எதற்கு?

ஊரில் பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு எந்த அலுவலகத்திலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். இங்கே அந்த முகங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பலரும் முதலில் போவது தமிழர் வாட்ஸ்அப் குழுவுக்கு. வீடு பார்க்க, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க, அவசரத்துக்கு உதவி கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வேலை விஷயத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அதனால் ஒருவருக்கு எட்டிய செய்திதான் மற்றவருக்கும் எட்டியிருக்கும்.

சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் சொல்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்ப்பவர்கள் 27.8 சதவீதம். 2022இல் வெளியான ஓர் ஆய்வு லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரின் தொடர்புகளைப் பார்த்தது. வேலை மாறுவதற்கு அதிகம் உதவியவர்கள் நெருங்கிய நண்பர்களும் இல்லை, முற்றிலும் அறியாதவர்களும் இல்லை. நடுவே இருக்கும் அரைகுறைப் பழக்கக்காரர்கள். நீங்கள் தேட வேண்டியதும் அவர்களைத்தான்.

அதற்கு முன் உங்கள் புரொஃபைலைக் கொஞ்சம் கவனியுங்கள். இருப்பிடத்தைப் புது ஊருக்கு மாற்றுங்கள். பழைய நாட்டிலேயே விட்டுவிட்டால், இந்த ஊரில் ஆள் தேடும் ரெக்ரூட்டரின் பட்டியலில் உங்கள் பெயர் வராமல் போகலாம். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து வரை இடம் இருக்கிறது. ‘வேலை தேடுகிறேன்’ என்று அதை வீணாக்காமல், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் துறையில் உள்ளூர் விளம்பரங்கள் ஒரு பத்தை எடுத்துப் படித்தால், அதே வேலைக்கு இங்கே வேறு பெயர் இருப்பது தெரியவரும். அந்தப் பெயரைப் பயன்படுத்துங்கள்.

பலர் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. நீங்கள் எட்டு வருடம் இருந்த நிறுவனம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்ததாக இருக்கலாம். இங்கே படிப்பவருக்கு அது வெறும் பெயர். ‘4,000 பேர் வேலை செய்யும் மருந்து உற்பத்தி நிறுவனம், நான் தரக் கட்டுப்பாட்டில் ஆறு பேரை வழிநடத்தினேன்’ என்று ஒரு வரி சேர்த்தால், அந்த எட்டு வருடத்துக்கும் எடை வந்துவிடும்.

சரி, ஆட்களை எங்கே பிடிப்பது? நீங்கள் படித்த கல்லூரியின் பெயரை லிங்க்ட்இன்னில் தேடி, அதன் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் பகுதிக்குப் போங்கள். எந்த நாட்டில் இருக்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள், என்ன படித்தார்கள் என்று வடிகட்டலாம். பைசா செலவில்லை. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, இந்த நாட்டில் என் கல்லூரிக்காரர்கள் முப்பத்திரண்டு பேர் இருப்பது தெரிந்தது. ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் எழுத ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பழைய அலுவலகத்தின் பக்கத்திலும் இதேபோல் தேடலாம்.

எழுதுவதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறோம். நானும் முதல் இரண்டு மாதம் கண்ணில் பட்டவருக்கெல்லாம் ‘மதிப்பிற்குரிய ஐயா, என் ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன், ஏதேனும் வாய்ப்பு இருந்தால் தயவுசெய்து உதவவும்’ என்று அனுப்பினேன். பதிலே இல்லை. இப்போது யோசித்தால், அவர்களால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? கையில் வேலை இல்லாதவர், இல்லை என்று சொல்லச் சங்கடப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அப்புறம் இப்படி மாற்றினேன்: ‘வணக்கம். நானும் அதே கல்லூரி, 2009 பேட்ச். மூன்று மாதம் முன்பு இங்கே வந்தேன். நீங்கள் கட்டுமானத்திலிருந்து திட்ட மேலாண்மைக்கு மாறியதைப் பார்த்தேன். இங்கே அதற்குத் தனிச் சான்றிதழ் தேவைப்பட்டதா?’ அவ்வளவுதான். அனுப்பிய பதினைந்தில் ஆறு பேர் பதில் எழுதினார்கள். இதை அந்த நாட்டு அலுவலக மொழியில் எழுதுங்கள். ஐயா, மேடம் எல்லாம் வேண்டாம். பல நாடுகளில் பெயர் சொல்லி அழைப்பதுதான் மரியாதை.

இலவசக் கணக்கில் குறிப்போடு அனுப்பும் அழைப்புகளுக்கு மாத வரம்பு உண்டு, குறிப்பும் சிறியதாக இருக்க வேண்டும். அதனால் அந்தச் சில வாய்ப்புகளைப் பொருத்தமான ஆளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் அழைப்பை ஏற்றுக்கொண்ட பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஒரே நாளில் நூறு பேருக்கு அழைப்பு அனுப்பினால் மேற்கொண்டு அழைப்பு அனுப்ப முடியாதபடி கொஞ்ச காலம் தடுத்துவிடலாம். வாரத்துக்கு ஐந்து பேர் போதும்.

பதில் வந்தால் இருபது நிமிடம் பேச நேரம் கேளுங்கள். அந்த இருபது நிமிடத்தில் வேலை கேட்கக் கூடாது. அவர் முதல் வேலைக்கு எப்படி வந்தார், இங்கே எந்தத் திறமைக்கு மதிப்பு, உங்கள் புரொஃபைலில் எது இடிக்கிறது என்று கேளுங்கள். முடிக்கும்போது, ‘இதைப் பற்றி நான் பேச வேண்டியவர் வேறு யாராவது இருக்கிறாரா?’ என்று ஒரு கேள்வி. ஒரு பெயர் கிடைத்தால் போதும், ஒரு கதவு திறந்தது மாதிரி. நேரம் ஆனதும் நீங்களே விடைபெறுங்கள்.

லிங்க்ட்இன்னுக்கு வெளியேயும் இடங்கள் உண்டு. மென்பொருள்காரர்களுக்கு, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அடுத்தவர் திட்டத்தில் ஒரு சின்னப் பிழையைத் திருத்திக் கொடுப்பது நூறு அறிமுகக் கடிதங்களுக்குச் சமம். செவிலியர், பொறியாளர், கணக்காளர் போன்றவர்கள் அந்தந்தத் தொழில் சங்கத்தின் இலவச இணையக் கூட்டங்களில் உட்காருங்கள். கடைசியில் ஒரு நல்ல கேள்வி கேட்டு, மறுநாள் பேச்சாளருக்கு அதைச் சொல்லி அழைப்பு அனுப்புங்கள். ஜெர்மன் பேசும் நாடுகளில், வேலை தேடுவோர் பயன்படுத்தும் சிங் (XING) தளத்தையும் பாருங்கள். பொது நூலக அட்டையையும் மறக்க வேண்டாம். பல ஊர்களில் அந்த அட்டை இருந்தாலே லிங்க்ட்இன் லேர்னிங் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பேச ஆரம்பித்த உடனே டெலிகிராமுக்கு வா என்பவர், வேலைக்கு முன்பணம் கேட்பவர், நேர்காணலுக்கு முன்பே பாஸ்போர்ட் நகல் கேட்பவர், தமிழிலேயே பேசினாலும் விலகிவிடுங்கள். வந்த புதிதில் இருக்கும் பதற்றத்தைக் குறிவைத்துத்தான் வருகிறார்கள்.

பேசி முடித்த அன்றைக்கே நன்றி எழுதுங்கள். அதைவிட முக்கியம், சில வாரம் கழித்து எழுதும் இரண்டாவது கடிதம்: ‘நீங்கள் சொன்னபடி அந்தத் தேர்வு எழுதினேன், தேறிவிட்டேன்.’ எதுவும் கேட்காத கடிதம். பெயர், பேசிய தேதி, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால்தான் இது முடியும். நான் அப்படி எழுதியவர்களில் ஒருவர் ஏழு மாதம் பேச்சே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, ‘இன்னும் தேடுகிறீர்களா? எங்கள் குழுவில் ஒரு இடம் வருகிறது’ என்று ஒரே வரி வந்தது. பேருந்தில் நின்றபடி அதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.