புகார் வந்ததும் "யார்றா சொன்னது?" என்று கேட்காதீர்கள்

சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்குக்கு, அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று அளந்து சொல்லும் 'பாயிண்ட்' பார்த்துத்தான் விலை. பாயிண்ட் பார்ப்பவர் குறைத்து எழுதி விவசாயி தலையில் கைவைக்கிறார் என்று ஒரு தொழிலாளி வந்து சொல்கிறார். முதலாளி வாயில் முதலில் வருவது: "யார்றா சொன்னது?" அதோடு சரி. சொன்னவர் மறுநாளே மூட்டை தூக்கப் போவார், அப்புறம் அந்த ஆலையில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இந்தப் புகாரைச் சரிபார்ப்பதற்கு, சொன்னவர் பெயரே வேண்டாம். லோடு சீட்டையும் பாயிண்ட் நோட்டையும் முதலில் கைப்பற்றுங்கள். அடுத்த லோடுக்கு வேறு ஆளை விட்டு இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பது அதற்குப் பிறகுதான். முந்திக் கூப்பிட்டால் நோட்டு காணாமல் போகும். விசாரிக்கும் பொறுப்பை அவருடைய மச்சானிடமே கொடுக்கிற கூத்தும் நம் ஊரில் உண்டு.

பாலியல் தொந்தரவுப் புகார் என்றால் "பேசி முடிச்சுக்கலாம்மா" என்று நீங்களே பஞ்சாயத்து பண்ணக் கூடாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். களத்தில் ஜவ்வரிசி காயப்போடும் தினக்கூலிப் பெண்களும் அந்த 10 பேரில் சேர்த்திதான். பல முதலாளிகள் கோட்டை விடுவது இங்கேதான். 10 பேருக்குக் குறைவு என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணைக்கு 90 நாள். அந்தப் பெண்ணே கேட்டால் சமரசம் உண்டு, ஆனால் பணம் கொடுத்து அல்ல. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக அது பொய்ப் புகாராகிவிடாது.

ஆயுத பூஜையன்று நேர்மை பற்றிப் பேசிவிட்டு, மறுநாள் "சரக்கு இன்னும் வெள்ளையா வரணும், எப்படின்னு எனக்குத் தெரியாது" என்று சொல்கிற முதலாளிதான் எனக்குப் பெரிய தலைவலி. ஜவ்வரிசியை வெளுக்க மேஸ்திரி கெமிக்கல் டப்பாவைத் திறப்பது அந்த ஒரு வார்த்தையால்தான். பிறகு மாட்டிக்கொண்டால் பழி மேஸ்திரிக்கு.

இன்னொன்று: விசாரணை முடிந்ததும், என்ன ஆயிற்று என்று புகார் சொன்னவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். டீக்கடையில் வேறு கதையாக அவர் காதுக்குப் போக வேண்டாம்.