டெபியன் 13க்கு மாறிய பின் பழைய பொதிகளை அகற்றுவது எப்படி

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தினாலும், அந்தப் பதிப்பில் கைவிடப்பட்ட பொதிகள் (மென்பொருள் பேக்கேஜ்கள்) கணினியில் அப்படியே கிடக்கும். அவை இடம் பிடிப்பதைக்கூட விடுங்கள், இனி அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. கொக்குவிலில் மருமகனின் மடிக்கணினி டெபியன் 11இல் தொடங்கி 12, 13 என்று ஏறியது. அதில் பைத்தன் 2.7உம், ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளின் நூலகமான லிப்எஸ்எஸ்எல் 1.1உம் இன்னும் குந்தியிருந்தன. இரண்டுமே 12இல் இல்லை.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். முக்கியமான கோப்புகளைப் பேக்கப் எடுத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்'. ஆப்ட் என்பது டெபியனில் பொதிகளை நிறுவி நீக்கும் கருவி. இந்தக் கட்டளை, பொதிகள் கிடைக்கும் இணையக் களஞ்சியங்களின் புதிய பட்டியலை இறக்கும். இந்த ஒரு படியில் அவசரம் வேண்டாம். காலாவதிப் பொதி என்று ஆப்ட் சொல்வதற்கு ஒரே பொருள்தான்: இப்போது கைவசம் உள்ள களஞ்சியப் பட்டியல் எதிலும் அந்தப் பொதி இல்லை. மருமகனின் கணினியில் களஞ்சிய முகவரியைப் புதிய பதிப்புக்கு மாற்றிய உடனே, அப்டேட் பாதியில் நிற்கையில் கரண்ட் போய் ரவுட்டரும் அணைந்தது. அதன்பின் காலாவதிப் பட்டியலைக் கேட்டால், கணினியில் உள்ள பொதிகள் எல்லாமே வரிசையாக வந்து நின்றன. பட்டியல் இறங்காததால் ஆப்டுக்கு எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான். அதை நம்பி நீக்கினால் இயங்குதளமே போய்விடும். ஆகவே அப்டேட்டின் கடைசி வரிகளில் 'எர்' என்றோ 'டபிள்யூ' என்றோ தொடங்கும் வரி ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகே அடுத்த படி.

சரி, இப்போது 'ஆப்ட் லிஸ்ட்', ஓர் இடைவெளி, பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் கேள்விக்குறியும் அதோடு ஒட்டி 'ஆப்சலீட்' என்ற சொல்லும். மேற்கோளை விட்டுவிடாதீர்கள்.

வரும் பட்டியலை ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். இணையத்தில் இருந்து நீங்களே டெப் கோப்பாக இறக்கிய பிரிண்டர் டிரைவரும் இதில்தான் இருக்கும். அது குப்பை அல்ல. டெபியன் 12க்குரிய 6.1 கெர்னலும் (இயங்குதளத்தின் கரு) வரும். 'யூநேம் -ஆர்' அடித்து, 13க்குரிய 6.12இல் கணினி ஓடுகிறது என்று உறுதியான பிறகு பழையதை நீக்கலாம்.

ஒரு பொதியை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அறிய எனக்கு, ஆப்ட் போன்ற இன்னொரு கருவியான ஆப்டிடியூடின் 'ஒய்' கட்டளைதான் பிடிக்கும். 'ஆப்டிடியூட் ஒய்', அடுத்துப் பொதியின் பெயர். லிப்எஸ்எஸ்எல் 1.1ஐ ஒரு பழைய மென்பொருள் கேட்டால், அந்த மென்பொருளுக்கு மாற்றுத் தேடுங்கள். ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டெம்பரிலேயே முடிந்துவிட்டது. தேவையற்ற பொதிகளைக் கண்டுபிடிக்கப் பழைய வழிகாட்டிகள் டெப்ஆர்ஃபன் கருவியைச் சொல்லும். டெபியன் 13இல் அது இல்லை.

நீக்குமுன் ஒத்திகை: 'ஆப்ட் -எஸ் பர்ஜ்', அதன்பின் பொதியின் பெயர். எதுவும் நீங்காது, எவை போகும் என்று மட்டும் காட்டும். திருப்தி என்றால் 'சூடோ ஆப்ட் பர்ஜ்'. முழுப் பட்டியலையும் ஒரே கட்டளையில் துடைக்க முடியும். ஆனால் தொடக்கநிலையில் இருப்பவர்கள் ஒவ்வொன்றாகச் செய்வதே நல்லது என்பேன்.

அப்புறம் 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்'. வேறொன்றுக்குத் துணையாக வந்து, இப்போது எதற்கும் தேவைப்படாத பொதிகளை இது நீக்கும். இங்கே தமிழ்க்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எழுத்துருக்களும், தமிழ்99 விசைப்பலகைக்கான ஐபஸ்-எம்17என் பொதியும் வேறொரு தொகுப்போடு சேர்ந்து வந்திருந்தால், அந்தத் தொகுப்புப் போகும்போது இவையும் பட்டியலில் ஏறும். 'சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்' அடித்து அவற்றின் பெயரைக் கொடுத்தால் தப்பும்.

பின்சேர்க்கை: உபுண்டுவில் பதிப்பு ஏற்றிய ஒருவர், குரோம் காலாவதி என்று வருவது ஏன் என்று கேட்டார். மேம்படுத்தும்போது வெளிக் களஞ்சியங்களை உபுண்டு முடக்கிவைக்கும். அந்தக் களஞ்சியத்தைத் திரும்ப இயக்கி அப்டேட் செய்யுங்கள், குரோம் பட்டியலில் இருந்து போய்விடும்.

பழைய 32 பிட் கணினி வைத்திருப்பவர்கள் 13க்கு ஏறவே வேண்டாம். அவற்றுக்கான நிறுவியும் கெர்னலும் இந்தப் பதிப்பில் இல்லை.